ஒளிப்படக் கழகமும் வரலாற்றுச் சான்றும்

தோற்றுவாய்

ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கப் புகும் புலவர் முதற்கண் அச்சுவடியை நம்புவதில்லை. எழுதினோன் யாவன், எப்படியைப் பார்த்து எழுதினான், எவ்விடத்தில் அவன் கண் தவறியது, எவ்விடத்தில் தன் அறிவைக் கொண்டு மூலத்தைத் திருத்த முற்பட்டான் என்றெல்லாம் வினவிய பின்னரே அவர் ஒரு பாடத்தை ஏற்பர். 1887இல் டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை வெளியிட்டதன் பின் இவ்வொழுக்கம் நம் துறையில் மேலும் வலுப்பெற்றது. ஆயின் அதே புலவர் கையில் நூறாண்டு கடந்த ஒளிப்படம் ஒன்றைக் கொடுத்தால், அவர் வினா எதுவும் எழுப்புவதில்லை. கருவி கண்டதைக் கருவி காட்டுகிறது. அதன்கண் ஐயுறுதற்கு என்ன உளது என்று அமைந்து விடுகிறார்.

யாமும் அவ்வாறு அமைந்திருந்தவரே. சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பொன்றில் பழைய கோயிற்படம் ஒன்றைக் காட்டி, கோபுரத்தின் பின் திரண்டிருந்த மேகங்களைச் சுட்டி, இது மழைக்காலத்தில் எடுக்கப்பெற்றது என்று மாணாக்கர்க்கு உரைத்தோம். மாணாக்கரும் குறித்துக்கொண்டனர். அம்மேகம் வானத்தில் இருந்ததன்று, எதிர்ப்படத்தின் மேல் தூரிகையால் தீட்டப்பெற்றதாதல் கூடும் என்பதை, எம் ஊரில் ஞாயிறுதோறும் கூடும் ஒளிப்படக் கழகத்தினர் எமக்கு உணர்த்தினர். அன்று தொடங்கி ஓராண்டுக் காலம் அக்கழகத்தாரோடு கூடிப் பழைய நுட்பங்கள் சிலவற்றைச் செய்து பார்த்தோம். அதனால் விளைந்த தெளிவை, நம் நாட்டில் ஒளிப்படக் கழகங்கள் தோன்றிய வரலாற்றோடு இயைத்து உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கழகங்களின் தோற்றம்

ஒளியால் உருவத்தைப் பதிக்கும் கலை 1839இல் உலகிற்கு அறிவிக்கப்பெற்றது. பிரான்சு நாட்டு டாகர் வெள்ளி பூசிய தகட்டிலும், இங்கிலாந்து நாட்டு டால்பட் தாளிலும் அதனைச் செய்து காட்டினர். டாகர் தகட்டில் பெறும் படம் ஒன்றே ஒன்று. அதற்குப் படி இல்லை. டால்பட் 1841இல் உரிமை பெற்ற முறையோ, நெகட்டிவ் என வழங்கும் எதிர்ப்படத்தை முதலில் தாளில் ஆக்கி, அதினின்றும் படிகள் பல எடுக்கும் முறையாகும். மூலம் ஒன்றும் படிகள் பலவும் என்னும் நிலை ஒளிப்படத்திற்கு அன்றே வந்துவிட்டது. சுவடியியல் பயின்றோர் இதனை மனத்தில் இருத்துதல் வேண்டும்.

இந்நாட்டில் பம்பாயில் 1854இலும், கல்கத்தாவில் 1856இலும் ஒளிப்படக் கழகங்கள் தோன்றின. சென்னைக் கழகத்தின் தோற்ற ஆண்டினை 1856 என்றும் 1857 என்றும் கூறுவர். இன்று சென்னையில் இயங்கும் ஒளிப்படக் கழகம் 1857ஐயே தன் தோற்ற ஆண்டாகக் கொண்டுள்ளது. சென்னையில் இக்கலை தழைக்கப் பெரிதும் உழைத்தவர் மருத்துவர் அலெக்சாந்தர் அண்டர் ஆவர். அவர் 1850இல் தொடங்கிய ஓவியப் பள்ளியே பின்னர் அரசினர் பள்ளியாகி, இன்று அரசு கவின்கலைக் கல்லூரி என விளங்குவது. அப்பள்ளியில் ஓவியத்தோடும் மட்பாண்டத் தொழிலோடும் ஒளிப்படக்கலையும் கற்பிக்கப்பெற்றது.

இக்கலைக்குக் கழகம் ஏன் வேண்டப்பட்டது என்பது ஆராயத்தக்கது. ஓவியன் தனித்திருந்து வரையலாம். புலவன் தனித்திருந்து பாடலாம். அந்நாளைய ஒளிப்படக்காரனுக்கோ அது இயலாதாயிற்று. வேண்டும் மருந்துகள் கப்பலில் வந்தன. வழியிலேயே சில கெட்டன. குளிர் நாட்டார் எழுதிய நூல்களின் அளவுகள் நம் நாட்டு வெப்பத்திற்கும் ஈரக்காற்றிற்கும் ஒவ்வாவாயின. ஆதலின் ஒருவர் கெடுத்துக் கற்றதை மற்றவர்க்கு உரைக்கவும், எடுத்த படங்களைப் பலர் முன் வைத்துக் குறை நிறை கேட்கவும் ஓர் அவை இன்றியமையாததாயிற்று. நூல் அரங்கேற்றும் வழக்கமுடைய நமக்கு இது புதிதன்று.

எனினும் அவ்வவை நடுநிலை பிறழாதது என்று கூறுதற்கில்லை. கல்கத்தாக் கழகத்தில் பொறுப்பேற்றிருந்தவர் வடமொழிப் பேரறிஞராகிய இராசேந்திரலால் மித்திரர். அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமையைக் கண்டித்து அவர் பேசியதன் விளைவாக, 1857இல் அக்கழகத்தினின்றும் நீக்கப்பெற்றார். பின்னாளில் ஒரிசாவின் தொன்மைச் சின்னங்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூலில் ஒளிப்படங்கள் சான்றாக இடம்பெற்றன. கழகம் அவரை நீக்கிற்று. அவரோ கழகத்தின் கலையை நீக்கவில்லை. யார் கருவியைத் தாங்கினர், யார் புறத்தே நிறுத்தப்பட்டனர் என்னும் வினாவும் ஒளிப்படச் சான்றின் ஒரு பகுதியே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

2. அக்கால நுட்பங்கள்

1851ஆம் ஆண்டு இரு புதிய முறைகளைத் தந்தது. ஒன்று, இங்கிலாந்து நாட்டு ஆர்ச்சர் கண்ட ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலர்வதற்கு முன்பே படம் எடுத்து, அப்பொழுதே கழுவுதல் வேண்டும். படம் மிகத் தெளிவாக அமையும். ஆயின் வெப்ப நாட்டில் மருந்து விரைந்து உலர்ந்துவிடும், இருட்டுக் கூடாரத்தைச் செல்லுமிடமெல்லாம் சுமந்து செல்லுதல் வேண்டும், கண்ணாடி உடையும். மற்றொன்று, பிரான்சு நாட்டு லெ கிரே கண்ட மெழுகுத்தாள் முறை. மெல்லிய தாளில் மெழுகை உருக்கி ஊறவிட்டு, பின்னர் மருந்தேற்றி உலர்த்தி வைத்துக்கொண்டால், சில நாள்கள் கழித்தும் பயன்படுத்தலாம். வண்டியில் நெடுந்தொலைவு செல்வோர்க்கு இதுவே ஏற்றது. இதன் குறை, ஒளியை மெல்ல ஏற்பதாகும். ஒரு படத்திற்குப் பல நிமிடங்கள் கருவியைத் திறந்து வைத்தல் வேண்டும்.

இவ்விரு முறைக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. அந்நாளைய மருந்துகள் நீலத்தையும் ஊதாவையும் மிகுதியாக ஏற்றன. செம்மையைச் சிறிதும் ஏற்றில. நிறப்பொருள் சேர்த்து இக்குறையைப் போக்கும் வழியை செருமானிய அறிஞர் போகல் 1873இல் கண்டார். அதற்கு முன் எடுத்த படங்களில் நீல வானம் வெறும் வெண்தாள் போலத் தோன்றும். செங்காவி பூசிய மதில் கருமையாகத் தோன்றும். நெற்றியிலிட்ட குங்குமம் கரும்புள்ளியாகும். அப்படங்களைக் கொண்டு நிறம் பற்றி முடிவு கூறுவோர் இதனை மறத்தலாகாது.

வானம் வெறுமையாக அமைவதை அக்காலக் கலைஞர் குறையாகவே கருதினர். அதனைப் போக்கப் பல வழிகள் கண்டனர். லெ கிரே கடற்காட்சிகள் சிலவற்றில் கடலை ஓர் எதிர்ப்படத்திலும் வானை மற்றோர் எதிர்ப்படத்திலும் எடுத்து ஒரே தாளில் இணைத்தார். 1857இல் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட எதிர்ப்படங்களை இணைத்து ஒரே பெரும்படம் ஆக்கினார். அடுத்த ஆண்டில் இராபின்சன் ஐந்து எதிர்ப்படங்களை இணைத்து, நோயுற்று இறக்கும் இளம்பெண்ணின் காட்சியைப் படைத்தார். உண்மை நிகழ்ச்சி என்று நம்பிய மக்கள் அதனைக் கண்டு மனம் வருந்தினர். படைப்பென அறிந்தோருள் சிலர் சினந்தனர். ஒளிப்படம் கலையா, ஆவணமா என்னும் வழக்கு இவ்வாறு இக்கலையின் இளமையிலேயே தோன்றிவிட்டது.

3. லினியஸ் டிரைப் எடுத்த தமிழ்நாட்டுப் படங்கள்

இவ்வழக்கினைத் தமிழ்நாட்டு நிலத்தில் வைத்துக் காண்பதற்கு லினியஸ் டிரைப் என்பாரின் படங்கள் துணை செய்கின்றன. அவர் 1822இல் பிறந்து 1902இல் மறைந்தவர்; கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பணியாற்றியவர். 1854ஆம் ஆண்டின் இறுதியில் மருத்துவர் நீல் என்பாருடன் அளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். 1855இல் சென்னையில் நிகழ்ந்த பொருட்காட்சியில் அவர்தம் படங்கள் பாராட்டும் பரிசும் பெற்றன. அவ்வாண்டிலேயே பருமாவிற்குச் சென்ற அரசுத் தூதுக்குழுவுடன் சென்று படங்கள் எடுத்தார். 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பெற்றார்.

1857ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்டு, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய இடங்களை அவர் படமெடுத்தார். மதுரைப் படங்கள் மட்டும் நான்கு பகுதிகளாக வெளிவந்தன. இப்படங்களில் மக்கள் கூட்டத்தைக் காண்டல் அரிது. தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. மண்டபங்கள் ஆளின்றி நிற்கின்றன. இதனைக் கண்டு அக்காலத்தில் அவ்வூர்கள் பொலிவிழந்து கிடந்தன என்று கருதுதல் பிழையாகும். பல நிமிடம் திறந்திருக்கும் கருவியின் முன் நடந்து செல்வோர் பதிவாவதில்லை.

இனி, டிரைப் தம் தாள் எதிர்ப்படங்களின் மேல் வண்ணம் தீட்டி மேகங்களையும் மரச்செறிவையும் திருத்தினார் என்பது, எஞ்சியுள்ள எதிர்ப்படங்களை ஆராய்ந்தோர் கண்ட உண்மை. எதிர்ப்படத்தில் வண்ணம் படிந்த இடம் ஒளியைத் தடுக்கும். அதனால் படியில் அவ்விடம் வெளுத்துத் தோன்றும். இந்நுட்பத்தைக் கொண்டு வெறும் வானில் அவர் மேகங்களை மிதக்கவிட்டார். அரசுப் பணியில் அமர்ந்து, உள்ளதை உள்ளவாறு பதிவு செய்யும் கடமை பூண்ட ஒருவரும் கலைஞராகவே இருந்தார் என்பது இதனாற் பெறப்படும்.

ஆயின் அவர்தம் ஆவணத் திறத்திற்கும் ஒரு பெருஞ்சான்று உளது. 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படிகளை ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமுடைய ஒரே படமாக ஆக்கினார். முதலாம் இராசராசன் ஆணையால் பொறிக்கப்பெற்ற அவ்வெழுத்துகள், ஊல்ட்சு அவர்களால் 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் வரிசையில் அச்சேறத் தொடங்கின. அதற்கு முப்பதாண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தின் முன்னரே அவற்றை ஒளியால் படியெடுக்கும் முயற்சி நிகழ்ந்தது என்பது நம்மனோர் நினைவிற் கொள்ளற்பாலது. மேகத்தைத் தீட்டிய கையும் கல்வெட்டினைப் படியெடுத்த கையும் ஒன்றே. இரண்டனையும் பிரித்தறிதல் நம் கடமை.

1859இல் ஆளுநராக வந்த சர் சார்லசு டிரெவெலியன் இப்பணியினை ஆடம்பரச் செலவெனக் கருதி நிறுத்தினார். அதன்பின் டிரைப் இக்கலையிற் பெரிதாக ஈடுபட்டிலர்.

4. கழகத்தில் யாம் கண்டவை

மேற்கூறியவற்றை நூல்வழி அறிவதற்கும் கைவழி அறிவதற்கும் வேறுபாடு மிக உண்டு. எம் ஊர்க் கழகத்தில் வங்கி அலுவலர், பள்ளியாசிரியர், அச்சகத் தொழிலாளர், திருமணப் படமெடுப்போர் எனப் பல திறத்தாரும் உளர். மின்னணுக் கருவி எளிதாகக் கிடைக்கும் இந்நாளிலும் பழைய முறைகளைச் செய்து பார்த்தலில் அவர்க்கு ஆர்வம் மிகுதி. அவருடன் யாம் செய்த சோதனைகளுள் மூன்றினை ஈண்டுக் குறிப்பிடுவோம்.

முதற்சோதனை தாள் எதிர்ப்படம் பற்றியது. ஊசித்துளை இட்ட மரப்பெட்டியில், நீல ஒளியை மட்டும் ஏற்கும் பழைய வகைத் தாளை வைத்து, கோயில் மதிலையும் அதன் எதிரேயுள்ள கடைத்தெருவையும் காலையில் படமெடுத்தோம். கருவி பல நிமிடங்கள் திறந்திருந்தது. அவ்வேளையில் எம் கண்முன் நூற்றுக்கணக்கானோர் நடந்து சென்றனர். படியில் ஒருவரேனும் இலர். தெரு நடுவே அசையாது படுத்திருந்த பசு ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. இளநீர் விற்றுக்கொண்டிருந்த முதியவர் இடுப்பிற்குக் கீழ் உருவமாகவும், மேலே புகை போலவும் காணப்பட்டார். மதிலின் செங்காவிப் பட்டைகள் கன்னங்கரேலெனத் தோன்றின. இப்படம் பொய் கூறிற்று என்று சொல்லற்கில்லை. தான் காண வல்லதை மட்டுமே அது கண்டது. அதன் மொழியை அறியாது படித்திருப்பின், ஆளரவமற்ற ஊரில் கரும்பட்டை தீட்டிய கோயில் ஒன்று இருந்தது என்று யாம் எழுதியிருப்போம்.

இரண்டாம் சோதனை மேகம் பற்றியது. அதே எதிர்ப்படத்தின் பின்புறம் மெழுகு தடவி, கழகத்து மூத்த உறுப்பினர் ஒருவர் மெல்லிய தூரிகையால் வண்ணம் தொட்டு வைத்தார். கால்மணி நேரத்தில் பணி முடிந்தது. தீட்டிய படியையும், உண்மையான மேகத்தோடு பிறிதொரு நாளில் எடுத்த படியையும் அருகருகே வைத்து எம்மை வினவினர். யாம் தீட்டியதையே மெய்யெனக் கூறினோம். "ஐயா, அது எங்கள் கைவேலை. உண்மை மேகம் இவ்வளவு அழகாக ஒதுங்கி நிற்காது, கோபுரத்தை மறைத்துக்கொண்டு நிற்கும்" என்றார் அம்முதியவர். பாடம் மிக எளிதாகவும் அழகாகவும் ஓடும் இடத்தில் படியெடுத்தோனின் கை புகுந்திருத்தல் கூடும் என்று சுவடி ஆராய்ச்சியாளர் ஐயுறுவர். அவ்விதி ஒளிப்படத்திற்கும் பொருந்துதலை அன்று கண்டோம்.

மூன்றாம் சோதனையே எமக்கு மிகவும் பயன்பட்டது. இருளில் கருவியைத் திறந்துவைத்து, கைவிளக்கால் பொருளின் மேல் ஒளியைத் தடவிப் படமெடுத்தல் கழகத்தார் விரும்பிச் செய்யும் ஒரு விளையாட்டு. அதனைக் கல்வெட்டில் செய்து பார்க்கலாமே என்றோம். உரியோர் இசைவு பெற்று, சிறு கோயில் ஒன்றின் அடித்தளத்திலிருந்த தேய்ந்த வரி ஒன்றின் முன் மாலையில் கூடினோம். விளக்கை நேர் எதிரே பிடித்தபோது எழுத்து ஏதும் தெரிந்திலது. கல் தட்டையாகத் தோன்றிற்று. இடப்புறத்தினின்றும் சுவரை ஒட்டி ஒளியைச் செலுத்தியபோது செங்குத்துக் கோடுகள் நிழலால் எழுந்தன. கிடைக்கோடுகள் மறைந்தே நின்றன. மேலிருந்து செலுத்தியபோது கிடைக்கோடுகள் எழுந்தன. செங்குத்துக் கோடுகள் மங்கின. ஒளி செல்லும் திசையோடு ஒத்துச் செல்லும் கோட்டிற்கு நிழல் இல்லை என்பதே இதன் காரணம்.

அவ்வரியை யாம் முன்னரே ஒரு பகற்படத்தைக் கொண்டு படித்திருந்தோம். அதில் நிலத்தின் அளவைக் குறிக்கும் எண்ணொன்றினை ஐயமின்றிப் பெயர்த்தெழுதியும் இருந்தோம். மேலிருந்து ஒளி விழுந்த படத்தில் அவ்வெண்ணின் மேல், முன்னர்க் காணாத கிடைக்கோடு ஒன்று தோன்றிற்று. கல்லின் பிளவோ உளியின் கோடோ என்று முடிவு செய்ய, நான்கு திசையினும் ஒளி செலுத்தி நான்கு படங்கள் எடுத்து ஒப்பிட்டோம். அதன் அகலமும் ஆழமும் ஏனைய உளிக்கோடுகளை ஒத்திருந்தன. எம் பழைய பாடம் பிழையாயிற்று. ஒரு கோட்டால் கோயிலுக்குரிய நிலத்தின் அளவே மாறிற்று. தலைகீழாகத் திருப்பிய படத்தில் குழிந்த எழுத்துகள் புடைத்தன போலத் தோன்றுதலையும் அன்றே கண்டோம். ஒளி வந்த திசை அறியாது கல்வெட்டுப் படத்தைப் படிப்போர் பள்ளத்தை மேடாகவும் மேட்டைப் பள்ளமாகவும் கொள்ளுதல் கூடும்.

இங்ஙனம் பல திசை ஒளியிற் பெற்ற படங்களைக் கணிப்பொறியால் இணைத்துக் காணும் முறையை 2001இல் மால்சுபெண்டரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்டனர். இன்று உலகின் அருங்காட்சியகங்கள் பல அதனைக் கையாள்கின்றன. கழகத்தார் விளையாட்டாகச் செய்ததற்கும் அதற்கும் அடிப்படை ஒன்றே. இந்நோக்கில் தஞ்சை நெடும்படத்தை மீண்டும் எண்ணினோம். 21 படங்களை எடுத்து முடிக்குங்காறும் ஞாயிறு ஓரிடத்தில் நின்றிராது. ஒரு பகுதியில் தெளிவாக விளங்கும் கோடு மறுபகுதியில் மறைந்திருத்தல் இயல்பு. ஒட்டுகளில் எழுத்து இடையறவு பட்டிருத்தலும் கூடும். ஆதலின் அப்படத்தை மைப்படியோடும் கல்லோடும் ஒப்பிட்டே படித்தல் வேண்டும். எனினும் 1858இல் கல் இருந்த நிலையைக் காட்டும் பெருமை அதற்கே உரியது. பின்னாளில் சிதைந்த எழுத்து எதுவாயினும், அதனை அங்குத் தேடுதல் பயனுடைத்து.

5. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஒளிப்படமும் ஒரு பாடமே என்பதும், அதற்கும் மூலமும் படிகளும் பாடவேறுபாடும் உள என்பதும் போதரும். ஆகவே பழைய ஒளிப்படத்தைச் சான்றாக ஆளப் புகும் மாணாக்கர் ஐந்து வினாக்களை எழுப்புதல் நலம். எடுத்தவர் யார், யார் பொருட்டு எடுத்தார்? எம்முறையில் எடுத்தார், அம்முறை எந்நிறத்தையும் எவ்வசைவையும் காணாது? ஒளி எத்திசையினின்றும் வந்தது? எதிர்ப்படத்திலோ படியிலோ கை புகுந்ததுண்டா? வேறு படிகள் எங்குள்ளன. அவை இதனோடு ஒக்கின்றனவா? இவற்றிற்கு விடை காணாது படத்தை மேற்கோளாகக் காட்டுதல், ஒரே ஏட்டை நம்பி நூலைப் பதிப்பித்தலை ஒக்கும்.

இவ்வினாக்கள் எமக்கு நூல்நிலையத்தில் தோன்றவில்லை. மருந்து நாறும் இருட்டறையில், விரல் கறுக்க, கழகத்தாரோடு நின்றபோதே தோன்றின. புதுமை நாடிக் கழகத்தார் செய்யும் சோதனைகளைப் பொழுதுபோக்கென நம்மனோர் ஒதுக்குதல் முறையன்று. படத்தில் மாயம் செய்யக் கற்றவரே படத்தில் உள்ள மாயத்தைக் காணவும் வல்லவர். ஏடெழுதத் தெரிந்தவன் ஏட்டின் பிழையை அறிவது போல்வதே இதுவும்.

மழைக்காலம் என்று யாம் முன்னர் உரைத்த அப்படத்தை இவ்வாண்டு வகுப்பில் மீண்டும் காட்டினோம். எம் பிழையைக் கூறி, மேகத்தை விடுத்து நிழலைப் பார்க்குமாறு சொன்னோம். கோபுரத்தின் நிழல் குறுகியும் அழுத்தமாகவும் தரையில் விழுந்திருத்தலை மாணவி ஒருவர் சுட்டினார். உச்சிவெயில் தெளிவாக எறித்த ஒரு நாள் அது. மேகம் கூறியதை நிழல் மறுத்தது. யாம் நிழலின் பக்கமே நின்றோம்.